பத்தாயிரத்து எண்பது காரணிகள்



இன்றைய பேச்சு ஒரேயொரு எண்ணைப் பற்றியது: 6,746,328,388,800. பதின்மூன்று இலக்கங்கள். கோடிக் கணக்கில் வாசித்தால் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. சீனிவாச ராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. இதை மீதியின்றி வகுக்கும் முழு எண்கள் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது.

ராமானுஜன் என்றால் எல்லோரும் 1729ஐச் சொல்வார்கள். நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, தான் ஏறி வந்த வாடகைக் காரின் இலக்கத்தைச் சொன்னதும், அது இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று படுக்கையிலிருந்தபடியே அவர் சொன்ன கதை. நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதையோடு நின்றுவிடுகிறவர்களுக்கு ராமானுஜன் ஒரு மின்னல் வெட்டாக மட்டுமே தெரிகிறார். 1729ஐப் பிரித்தால் 7 × 13 × 19. எட்டுக் காரணிகள், அவ்வளவுதான். பத்தாயிரம் காரணிகள் கொண்ட எண்ணைத் தேடிப் பிடித்தது நொடிப் பொழுதில் நடந்ததல்ல. கணினி இல்லாத காலத்தில், இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் தாளில் எழுதி எழுதி, ஒழுங்கைக் கண்டு, நிறுவி, பிறகு வரிசையாகப் பட்டியலிட்ட உழைப்பு அது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்தக் கட்டுரைக்காகத்தான்.

பெரிய எண் என்றதும் அதன் நீளத்தைத்தான் கண் முதலில் பார்க்கும். நீளம் எண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. பதின்மூன்று இலக்க எண்களிலேயே சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் இலட்சம் கோடி, அதாவது 1,000,000,000,000. அதற்கு 169 காரணிகள். அதோடு 39ஐக் கூட்டினால் 1,000,000,000,039. அது முதன்மை எண். 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். காரணிகள் இரண்டு. 2ஐ நாற்பத்திரண்டு தடவை பெருக்கினால் 4,398,046,511,104 வரும். அதற்கு 43 காரணிகள். எல்லாம் ஒரே நீளம்தான். ஒன்றுக்கு இரண்டு காரணி, ஒன்றுக்கு 43, ஒன்றுக்கு 169, ராமானுஜனின் எண்ணுக்கு 10,080. ஓர் எண்ணை அறிவதென்றால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பது எப்படி என்று ஆறாம் தரப் பிள்ளைக்கும் தெரியும். 12 = 2 × 2 × 3. இதன் காரணி ஒவ்வொன்றும் 2ஐ ஒரு தடவையும் எடுக்காமலோ, ஒரு தடவை எடுத்தோ, இரு தடவை எடுத்தோ உண்டாகிறது. 3ஐ எடுத்தோ விடுத்தோ உண்டாகிறது. மூன்று தெரிவுகள், இரண்டு தெரிவுகள், மூவிரண்டு ஆறு. 1, 2, 3, 4, 6, 12. விதி இவ்வளவுதான்: முதன்மைக் காரணிகளின் சுட்டிகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். காரணிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

இனி ராமானுஜனின் எண்ணைப் பிரிக்கலாம். அதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை வருகின்றன. 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080.

அந்தச் சுட்டிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கோயில் கோபுரம் மேலே போகப் போக ஒடுங்குவதுபோல அது இறங்கிக்கொண்டே வருகிறது. எந்த இடத்திலும் ஏறவில்லை, இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடவில்லை. இது தற்செயல் அல்ல. 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 ஒரு தடவை, 3 இரு தடவை, காரணிகள் ஆறு. சுட்டிகளை இடம் மாற்றினால் 12 வருகிறது. அதற்கும் ஆறு காரணிகள், ஆனால் எண் சிறியது. ஆகவே சிறிய முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டியைக் கொடுப்பதே எப்போதும் இலாபம். தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை உயர் சேர்த்தி எண் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட எண்ணில் கடைசி முதன்மைக் காரணியின் சுட்டி எப்போதும் 1 தான், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு என்பதை ராமானுஜன் நிறுவினார்.

ஆனால் எவ்வளவு ஒடுங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு ஒரு கணக்கை நிதானமாகச் செய்து பார்ப்பது நல்லது.

முதல் பன்னிரண்டு முதன்மை எண்களை, அதாவது 2 முதல் 37 வரை, ஒவ்வொரு தடவை மட்டும் எடுத்துப் பெருக்கினால் 7,420,738,134,810 வரும். இது ராமானுஜனின் எண்ணைவிடப் பெரியது. இதற்கு எத்தனை காரணிகள்? பன்னிரண்டு தடவை 2ஐப் பெருக்கினால் 4,096. முதன்மை எண்களை விதவிதமாகச் சேர்ப்பதே சிறந்தது என்று நினைத்தவருக்கு இது ஏமாற்றம். இப்போது 37ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 32ஐப் போடுங்கள். 32 என்பது ஐந்து 2கள். 37 போனதால் காரணிகள் பாதியாகின்றன. ஆனால் 2இன் சுட்டி 1இலிருந்து 6ஆக உயர்வதால் அவை மூன்றரை மடங்காகின்றன. எண் சிறுத்தது, காரணிகள் 7,168ஆகப் பெருகின. அடுத்து 31ஐக் கழற்றி 27ஐப் போடுங்கள். 27 என்பது மூன்று 3கள். எண் மறுபடி சிறுத்தது, காரணிகள் 8,960. கடைசியாக 29ஐக் கழற்றி 35ஐப் போடுங்கள். ஒரு 5, ஒரு 7. இந்தத் தடவை எண் சற்றே பெருக்கிறது, காரணிகள் 10,080ஐத் தொடுகின்றன. கையில் இருப்பது ராமானுஜனின் எண். தொடங்கிய எண்ணில் பத்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருக்கிறது. காரணிகளோ இரண்டரை மடங்குக்கு அண்மையில் போய்விட்டன.

மூன்றே மாற்றங்கள். ஒரு பெரிய முதன்மை எண்ணை வைத்திருப்பதா, அதன் விலைக்குச் சில சிறிய முதன்மை எண்களை வாங்குவதா என்ற பேரம்தான் கட்டுரை முழுவதும் ஓடுகிறது. இந்தப் பேரத்தில் எந்தச் சுட்டி எந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதற்குச் சமனிலிகளைக் கண்டதில்தான் ராமானுஜனின் கைவண்ணம் இருக்கிறது.

இந்த எண்ணை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை. தாளும் பேனையும் இருந்தால் இங்கேயே சோதிக்கலாம். 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரம் என்பது 1001ஐவிட ஒன்று குறைவு; அதனால் எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால், கிடைப்பது 1001ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். ராமானுஜனின் எண்: 6 | 746 | 328 | 388 | 800. எண்ணூற்றிலிருந்து 388ஐக் கழித்தால் 412. அதோடு 328ஐக் கூட்டினால் 740. அதிலிருந்து 746 போனால் கழித்தல் 6. கடைசி 6ஐக் கூட்டினால் பூச்சியம். சரியாகப் பூச்சியம்! 7, 11, 13 மூன்றும் ஒரே வரியில் அகப்பட்டுவிட்டன. இலக்கங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 63 வரும். ஆகவே 9ஆலும் வகுபடும். கடைசியில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதால் 25ஆலும் வகுபடும். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இது மீதியில்லாமல் வகுபடும். முதலில் தடுக்குவது 29.

அட்டவணையில் 102 எண்கள் இருக்கின்றன. பின்னாளில் சரிபார்த்தவர்கள் ஒரேயொரு விடுபடலைக் கண்டார்கள். அந்த எண் 293,318,625,600. அதைப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5உம் 7உம் இரண்டிரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19. அட்டவணையின் கடைசி எண்ணிலிருந்து 23ஐ மட்டும் கழற்றினால் கிடைப்பது இதுவே. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண் வருகிறது. மும்மூன்று இலக்கச் சோதனையை இதிலும் போட்டுப் பாருங்கள்: 600 கழித்தல் 625 கூட்டல் 318 கழித்தல் 293. இங்கேயும் பூச்சியம். நூற்றுக்கு மேற்பட்ட பெரிய எண்களைக் கையால் கணித்த பட்டியலில் ஒன்று மட்டும் தவறியது என்பது, மற்றவற்றில் அவர் காட்டிய கவனத்துக்குச் சான்று.

விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040. கடைசி எண்ணின் காரணிகள் அதன் இரு மடங்கு. ஒரு கிழமைக்கு எத்தனை நிமிடங்கள் என்று கணக்கிடுங்கள்: ஏழு நாள், இருபத்து நான்கு மணி, அறுபது நிமிடம். 10,080! 24, 60 ஆகிய இரண்டும் உயர் சேர்த்தி எண்கள். பகுக்க வசதியான எண்களைக் காலத்துக்கு அலகாக எடுத்தவர்களின் தெரிவு அது. 5,040ஐப் பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் நகரத்துக் குடும்பங்களின் எண்ணிக்கையாக விதித்தார். வரி, படை, நிலம் என்று எதைப் பகிர்ந்தாலும் 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் சமமாகப் பிரியும் என்பதே அவர் சொன்ன காரணம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபட 5,040இன் பாதியே போதும்: 2,520. இதை ராமானுஜன் கண்டுபிடித்த விந்தை எண் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. 1 முதல் 10 வரையான எண்களின் பொதுமடங்குகளுட் சிறியது 2,520 என்பதைப் பாடசாலைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அதற்கு அவர் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அவர் உண்மையாகச் செய்ததே போதுமான அளவு வியப்பானது.

சமமாகப் பிரிக்க வேண்டிய தேவை தமிழர் கணக்கிலும் ஆழமாக இருந்தது. ஒன்றில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 102,400இல் ஒன்று. இதுவரைக்கும் 2உம் 5உம் மட்டுமே இருக்கின்றன. 102,400ஐ எத்தனை தடவை பாதியாக்கினாலும் ஐந்தாக்கினாலும் அதில் 3 வராது, 7 வராது. அப்படியென்றால் நெல்லை மூன்று பேருக்குப் பிரித்தால் என்ன செய்வது? கீழ்முந்திரியை இருபத்தொன்றாகப் பிரித்து இம்மி என்றார்கள்: 2,150,400இல் ஒன்று. இருபத்தொன்று என்பது 3 × 7. இம்மியைப் பதினொன்றாகப் பிரித்து மும்மி என்றார்கள்: 23,654,400இல் ஒன்று. முதலில் 3உம் 7உம், பிறகு 11. விடுபட்ட முதன்மை எண்கள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. 2,150,400க்கு 156 காரணிகள், 23,654,400க்கு 312. இந்தப் பின்ன வாய்பாடுகளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பிள்ளைகள் அறியாமலே உயர் சேர்த்தி எண்களின் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

காணியைப் பங்கிடும்போதும் இதே கேள்வி எழுகிறது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 818 என்ற எண்ணை அறியாதவர்கள் குறைவு. 2006இல் போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு, மக்களின் காணிகளில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டு மக்கள் திரும்பி வந்தார்கள். அந்தக் காணியின் வலி கணிதத்துக்கு அப்பாற்பட்டது. எண்ணாக மட்டும் பார்த்தால் 818 = 2 × 409; 409 முதன்மை எண். ஆகவே 818 ஏக்கரை முழு ஏக்கர்களாக மூன்று பங்காகவோ நான்கு பங்காகவோ ஐந்து பங்காகவோ சமமாகப் பிரிக்க முடியாது. இரண்டு பங்காகப் பிரிக்கலாம், இல்லையென்றால் 409 அல்லது 818 பங்காக. நில அளவையாளர் ஏக்கரோடு நிற்பதில்லை. ஓர் ஏக்கருக்கு 160 பெர்ச். 818 ஏக்கர் 130,880 பெர்ச் ஆகிறது. ஐந்து 2களும் ஒரு 5உம் புதிதாகச் சேர்கின்றன. நான்கு காரணிகள் இருபத்தெட்டாகின்றன. இப்போது நான்கு பேருக்கும் ஐந்து பேருக்கும் பங்கு சரியாக விழும். மூன்று பேருக்குத்தான் இன்னும் விழாது. இம்மியைக் கண்டவர்களின் சிக்கலும் இதுவே.

இதற்கு நேர்மாறாக, 2025இல் தொடக்க விழா நடந்த சம்பூர் சூரிய மின் திட்டம் 120 மெகாவாட். 120 உயர் சேர்த்தி எண், பதினாறு காரணிகள். இது தற்செயல்தான், ஆனால் மாணவர்கள் காரணிகளைத் தேடிப் பழக அருகிலேயே கிடைக்கும் நல்ல எண்.

வகுபடும் தன்மை எப்போதும் நன்மையே செய்வதில்லை. அதற்குச் சம்பூரை அடுத்த குடாவின் அக்கரையே சாட்சி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. ஜப்பானியக் கடற்படை அப்போது பயன்படுத்திய இரகசியக் குறியீட்டை நேச நாடுகள் ஜேஎன்-25 என்று அழைத்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்திலக்க எண். அந்த எண்கள் எல்லாமே 3ஆல் வகுபடுபவை. வானொலியில் ஓர் இலக்கம் பிழையாகக் கேட்டால் பெறுபவர் கண்டுகொள்ளட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது: இலக்கங்களைக் கூட்டி 3ஆல் வகுபடவில்லை என்றால் எங்கோ தவறு. இந்த எண்களோடு இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்த எண்களைக் கூட்டி மறைத்து அனுப்பினார்கள்.

குறியீட்டை உடைத்தவர்களுக்கு அந்த ஏற்பாடே கதவைத் திறந்துவிட்டது. கூட்டிய எண் இதுவாக இருக்கலாம் என்று ஒரு ஊகத்தை எடுத்துக் கழித்துப் பார்ப்பார்கள். வரும் விடைகள் தொடர்ந்து 3ஆல் வகுபட்டால் ஊகம் சரி. வகுபடாவிட்டால் அடுத்த ஊகம். ஐந்திலக்கங்களில் ஒரு இலட்சம் எண்கள் இருக்க, 3ஆல் வகுபடுபவை 33,334 மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு பிழைகள் முதற் சோதனையிலேயே கழிந்துபோகின்றன. 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்த பிரித்தானியக் குழு இப்படித்தான் செய்திகளைப் பகுதி பகுதியாக வாசித்து, இலங்கைமீது தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது. கணித்த நாள் சில நாட்கள் பிசகினாலும் எச்சரிக்கை உண்மையாயிற்று. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை முன்கூட்டியே கடலுக்கு அனுப்பி வைக்க முடிந்தது. 3 என்ற மிகச் சிறிய காரணி செய்த வேலை அது.

இன்றைய இரகசியக் காப்பு இந்தப் பாடத்தைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது. வங்கிக் கணக்கும் கைத்தொலைபேசிச் செய்தியும் பாதுகாப்பாகப் போவதற்குக் காரணிகள் மிகக் குறைந்த எண்களே வேண்டும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் காட்டிய முறையில் இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஊரறிய வெளியிடுவார்கள். அதற்கு நான்கே காரணிகள்: 1, அந்த இரு முதன்மை எண்கள், அந்த எண். அந்த இரண்டையும் பிரித்தெடுப்பவர் பூட்டைத் திறந்துவிடுவார். அவர்கள் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஏறத்தாழ 600 பேர் தத்தம் கணினிகளை இணைத்து 1994இல் அதை 64 இலக்க எண் ஒன்றாகவும் 65 இலக்க எண் ஒன்றாகவும் பிரித்தார்கள். 250 இலக்க எண்ணொன்று 2020இல் பிரிந்தது. இப்போது பரவலாகப் பயன்படுபவை 617 இலக்க எண்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. ஓர் எண் முதன்மையா இல்லையா என்று மட்டும் கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் 2002இல் அதற்கு உறுதியான, விரைவான வழியொன்றைக் கொடுத்தார்கள். முதன்மை இல்லை என்று தெரிந்த பிறகு அதன் காரணிகளைச் சொல் என்றால், நம்மிடமுள்ள சாதாரணக் கணினிகளுக்கு விரைவான வழி எதுவும் கண்டறியப்படவில்லை. மேலே சொன்ன இரகசியக் காப்பு இந்த இடைவெளியின்மேல் நிற்கிறது. ராமானுஜனின் 6,746,328,388,800ஐ ஒரு மாணவர் கால் மணி நேரத்தில் பிரித்துவிடுவார். அதைவிடச் சிறிய 1,000,000,000,039 முதன்மை என்று கையால் காட்ட வேண்டுமானால் பத்து இலட்சத்துக்குக் கீழுள்ள 78,498 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ராமானுஜனின் கட்டுரைக்குத் திரும்பலாம். அது முழுமையாக அச்சேறவில்லை. உலகப் போர்க் காலம். கணிதக் கழகத்தின் கையில் பணம் போதவில்லை. கட்டுரையின் பிற்பகுதி நிறுத்தப்பட்டது. 1920இல் அவர் இறந்தார், முப்பத்திரண்டு வயது. அந்தப் பக்கங்கள் கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரியில் கிடந்து, அவருடைய தொலைந்த குறிப்பேட்டோடு சேர்ந்து 1988இல் படியாக வெளிவந்தன. பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ஜான்-லூயி நிக்கோலாவும் கீ ரோபனும் 1997இல் அவற்றை விளக்கக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதம். இடைப்பட்ட காலத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் ஒரு தமிழர் முக்கியமானவர்: குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எஸ். எஸ். பிள்ளை. காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக அவற்றின் கூட்டுத்தொகையை எடுத்து, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விடப் பெரிய கூட்டுத்தொகை கொண்ட எண்களை அவர் 1943இல் ஆராய்ந்தார். 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். ராமானுஜனின் பெயர் தெரிந்த ஊர்களில் பிள்ளையின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பாடநூலில் ஒரு பக்கமாவது அவருக்கு ஒதுக்கத் தகும்.

அச்சேறாத பக்கங்களில் ராமானுஜனும் காரணிகளின் கூட்டுத்தொகையைக் கையாண்டிருந்தார். முதன்மை எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது பற்றி ரீமன் 1859இல் முன்வைத்த கருதுகோளை உண்மையென்று எடுத்துக்கொண்டு, மிகப் பெரிய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஓர் எல்லையைக் கண்டிருந்தார். அந்தப் பக்கங்கள் வெளிவருவதற்கு முன்பே, 1984இல், ரோபன் அதைத் துல்லியமாக்கினார். ஓர் எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுங்கள். மறுபக்கம், எண்ணின் இயற்கை மடக்கையை எடுத்து, அதற்கும் இயற்கை மடக்கை எடுத்து, 1.781 என்ற மாறிலியால் பெருக்குங்கள். 5,040க்கு முதற் கணக்கு 3.838, இரண்டாவது 3.817. முதலாவது மிஞ்சுகிறது. 10,080க்கு 3.900, 3.956, மிஞ்சவில்லை. 6,746,328,388,800க்கு 5.84, 6.03, அத்தனை காரணிகள் இருந்தும் மிஞ்சவில்லை.

இப்படி எல்லையை மிஞ்சும் எண்களாக 2 முதல் 5,040 வரை இருபத்தேழு எண்கள் உள்ளன. 120 அதில் இருக்கிறது, 2,520 இருக்கிறது, கடைசியாக 5,040. ரோபன் நிறுவியது இதுதான்: 5,040க்கு மேல் எந்த எண்ணும் எல்லையை மிஞ்சாது என்றால் ரீமன் கருதுகோள் உண்மை, ஓர் எண்ணாவது மிஞ்சினால் அது பொய். அப்படி மிஞ்சும் எண் ஒன்றை இதுவரை எவரும் காட்டவில்லை. மிஞ்சாது என்பதையும் எவரும் நிறுவவில்லை.